ஊரே பேனரில் தூங்கிய காலம்

ஆவணி மாதத்துக் கடைசி முகூர்த்தத்தில், கோட்டைச்சாமி அண்ணாச்சியின் பேத்திக்குக் காது குத்திய அன்று, மண்டப வாசலில் கட்டியிருந்த பேனரில் இருந்த அத்தனை பேரும் தூங்கிப்போனார்கள். ஒரு பக்கத்துக் கயிற்றைக் கட்டும்போது எல்லோரும் விழித்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்றும், மறுபக்கத்துக் கயிற்றை வேப்பமரத்தில் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் மேல்வரிசையில் ஊர்ப் பெரியவர்கள், நடுவரிசையில் தாத்தாமார், கீழ்வரிசையில் சித்தப்பா பெரியப்பா மாமன் மச்சினன் என்று ஒருவர் பாக்கியில்லாமல் கண்ணை மூடிவிட்டார்கள் என்றும் பேனர் கட்டிய ஆள் இன்றைக்கும் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறான். சத்தியம் எதற்கு, நாங்கள் எல்லோரும்தான் பார்த்தோமே. காற்று அடங்கிய நேரத்தில் லேசான குறட்டைகூடக் கேட்டது.

அந்தப் பேனரைச் செய்தவள் செண்பகவடிவு. எங்கள் மேலச்சந்தையூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே, ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற அகலத்தில் இருக்கிறது அவளுடைய வடிவு டிசைன்ஸ். அதற்கு முதலாளியும் அவள்தான், தொழிலாளியும் அவள்தான், காலையில் வாசல் பெருக்குவதும் அவள்தான், ஆர்டர் பிடிப்பதும் அதைக் கம்ப்யூட்டரில் செய்து டவுன் பிரஸ்ஸுக்கு அனுப்புவதும் அச்சாகி முதல் பஸ்ஸில் வந்து இறங்கும் சுருளைத் தோளில் தூக்கி வருவதும் அவள்தான். இதற்கு முன்னால் அக்கா புருஷன் நடத்துகிற வேறொரு பிரஸ்ஸில் பல வருஷம் சம்பளத்துக்கு இருந்து, வருகிறவர் போகிறவர் முன்னால் எல்லாம் "ஏ வடிவு, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்று அதட்டல் வாங்கி, ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கைக்கூட எடுக்காமல் எழுந்து வந்து தொடங்கிய கடை அது. கடையை மூடவேண்டி வந்தால் போக அவளுக்கு ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அது அந்தப் பழைய பிரஸ்தான், அந்த அதட்டல்தான்.

எங்கள் ஊரில் பேனர் செய்வதென்பது படம் ஒட்டுகிற வேலை இல்லை, குடும்பம் நடத்துகிற வேலை. யார் முகம் யார் முகத்தைவிட எத்தனை விரல்கடை பெரிதாக இருக்க வேண்டும், வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன பங்காளிகளுக்கு நடுவே எத்தனை தலை இடைவெளி விட வேண்டும், பெரிய மருமகன் கைகூப்பினால் சின்ன மருமகன் போன் பேசுவதுபோல் நிற்கலாமா கூடாதா, கறுப்பாக இருக்கிற மாமனாரை எவ்வளவு சிவப்பாக்கினால் அவர் மகிழ்வார், எவ்வளவுக்கு மேல் போனால் அடையாளம் தெரியாமல் சண்டைக்கு வருவார் என்பதெல்லாம் வடிவின் தலைக்குள் இருந்தது. ஒரு காதுகுத்துக்கு ஐம்பது முகம், ஒரு கல்யாணத்துக்கு எழுபது முகம் என்று வருஷக்கணக்கில் சேர்ந்த முகங்கள் அவள் கண்ணை மூடியதும் வந்து வரிசையில் நின்று, "என் படம் சின்னதா இருக்கே தாயி, அவன் படத்துக்குப் பக்கத்துல என்னைய ஏன் வச்ச?" என்று நியாயம் கேட்கத் தொடங்கியதிலிருந்து அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. சித்திரை வைகாசி முகூர்த்தங்களில் தூங்காமல் வேலை செய்தாள், ஆனியில் வேலை இல்லாமல் தூங்காமல் கிடந்தாள், ஆடித் தள்ளுபடியில் துணிக்கடைக்காரர்களுக்காகத் தூங்காமல் இருந்தாள், ஆவணி வந்தபோது கண்ணாடி முன் நின்று தன் முகத்தையே இரண்டு விரலால் தொட்டு இழுத்துப் பெரிதாக்கப் பார்த்தாள். அந்த அசதியோடுதான் கோட்டைச்சாமி வீட்டுப் பேனரைச் செய்து அனுப்பினாள்.

சிமெண்ட் கடை வைத்திருப்பவரும் ஒருமுறை கவுன்சிலராக இருந்தவருமான கோட்டைச்சாமி, பேனரைப் பார்த்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்துவதற்காக வாயைத் திறந்தார். திறந்தவர் மேலே தன் படத்தைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்து, புருவத்துச் சுருக்கம் அவிழ்ந்து, பச்சைப்பிள்ளை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தது அது. தன்னை அப்படி அவர் பார்த்ததே இல்லை. "எழுப்பிறாதீங்கடா" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வழக்கமாக எங்கள் ஊர் விசேஷங்களில் பந்தி தொடங்குவதற்கு முன்னால் பேனருக்குக் கீழே ஒரு சண்டை நடந்தாக வேண்டும். அன்றைக்கும் சண்டைக்கென்றே மடித்துக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அண்ணாந்து பார்த்தால், வருஷக்கணக்காகப் பேசாத பங்காளிகள் இருவரும், நடுவே வடிவு வைத்திருந்த மூன்று தலைகளையும் தாண்டிச் சரிந்து, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தார்கள். தூங்குகிறவனிடம் போய் என்ன சண்டை போடுவது? வந்தவர்கள் குசுகுசுவென்று பேசினார்கள், மைக்செட்காரன் தானாகவே பாட்டைக் குறைத்தான், ஆசாரி காதில் ஊசி வைத்தபோது பிள்ளை அழவில்லை, சாப்பிட்டுக் கைகழுவி வந்தவர்கள் பேனர் நிழலில் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் சாய்ந்தார்கள், சாய்ந்தவர்களைச் சாயங்காலம் அவரவர் வீட்டிலிருந்து வந்து எழுப்பிக் கூட்டிப்போனார்கள். விசேஷம் முடிந்த பிறகும் அந்தப் பேனரை யாரும் அவிழ்க்கவில்லை. தூங்குகிறவர்களை எழுப்பிச் சுருட்டி வைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு வடிவு செய்த எல்லாப் பேனர்களிலும் இதே கதைதான். அதே பிரஸ்ஸில் அச்சான மற்றவர்களுடைய பேனர்களில் எல்லோரும் முட்டைக்கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டிருக்க, வடிவு கைபட்டவர்கள் மட்டும் கட்டிய மாத்திரத்தில் தூங்கினார்கள். ஊர் இதற்குச் சீக்கிரமே பழகிக்கொண்டது. வடிவு பேனர் இருக்கிற தெருவில் டவுன் பஸ்காரர்கள் ஹாரன் அடிப்பதில்லை என்று ஆனது, மீன்காரர் கூவாமல் மணி மட்டும் அடித்துவிட்டுப் போனார், கோயில் பூசாரி இது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று பூப்போட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பேனருக்கடியில் போனவர் பூவை மறந்து தூங்கிவிட்டுத் திருப்தியாகத் திரும்பினார்.

பழகிக்கொண்டது சரிதான், ஆர்டர் கொடுக்க வேண்டுமே! புதிதாக நகைக்கடை திறந்தவர், வாசல் பேனரில் முதலாளி தூங்கினால் உள்ளே வருகிறவன் எதை எடுப்பான் என்று யோசித்து வேறு ஆளிடம் போனார். டியூஷன் சென்டர்காரர், முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் எல்லாம் வரிசையாகத் தூங்குவதைப் பார்த்த பெற்றோர் சிரித்துவிட்டுப் போவதாகச் சொல்லி வருத்தப்பட்டார். கட்சிக்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை, வரவில்லை, அவ்வளவுதான். ஐப்பசி முகூர்த்தங்கள் வந்தன, போயின, வடிவு கடை வாசலில் ஒரு செருப்பு இல்லை. அக்கா புருஷன் போன் செய்து, "என்ன வடிவு, சும்மாதான இருக்க, இங்கன வந்தா ஒரு நாக்காலி கெடக்கு" என்றார். வடிவு போனை வைத்துவிட்டு, ஆளே வராத வாசலை இன்னொரு தடவை பெருக்கினாள்.

ஆனால் பழைய கதவு மூடியபோது வேறொரு பக்கத்திலிருந்து ஆள் வரத் தொடங்கியது. முதலில் வந்தவள் இடுப்பில் குழந்தையை வைத்திருந்த ஒரு பெண். ராத்திரி முழுக்க அழுகிற பிள்ளை, மண்டப வாசலைத் தாண்டும்போது மட்டும் தூங்கிவிடுகிறதாம், அதற்காக அந்தப் பக்கமே நடந்து நடந்து தன் கால் தேய்ந்துவிட்டதாம்.

"சின்னதா, தொட்டில் அகலத்துக்கு ஒண்ணு போட்டுத் தாங்கக்கா."

"யாரு படம் வைக்க?"

"யாரா இருந்தா என்ன, தூங்கணும். அந்த மீசைக்காரர் நல்லாத் தூங்குறாரு."

மீசைக்காரர் என்பது வெள்ளைப்பாண்டி, காது குத்திய பிள்ளையின் தாய்மாமன். பேனரில் இருந்த ஐம்பத்திரண்டு பேரில் அவருடைய தூக்கம்தான் உயர்தரம் என்று ஊர் முடிவு செய்திருந்தது. வடிவு அவரிடம் அனுமதி கேட்டபோது மீசையைத் தடவிக்கொண்டு சம்மதித்தார். "வீட்லயும் இதத்தான் செய்றாரு, இப்பத்தான் நாலு பேருக்குப் பிரயோசனப்படுது" என்றார் அவர் மனைவி.

தொட்டில்காரி சொல்லி மெட்ராஸுக்கு ராத்திரி பஸ் ஓட்டிவிட்டுப் பகலில் கண் அயர முடியாத டிரைவர் வந்தார். டிரைவர் சொல்லி ஒரு ஏட்டய்யா வந்தார். ஏட்டய்யா யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அவர் முகம் தெளிந்ததைப் பார்த்து ஸ்டேஷனே வந்தது. லாட்ஜ்காரர் வந்து ஒவ்வொரு அறைக்கும் ஒன்று கேட்டார். வீட்டுக்கு வீடு, கட்டில் தலைமாட்டில், பீரோ கதவில், கொசுவலைக்கு மேலே வெள்ளைப்பாண்டி தூங்கினார். அவர் தெருவில் நடந்தால் முன்பின் தெரியாத பெண்கள் எல்லாம் நன்றியோடு கும்பிட்டார்கள். பிறந்ததிலிருந்து ஒரு வேலையையும் உருப்படியாகச் செய்யாத மனிதருக்கு அது எவ்வளவு பெரிய கௌரவம்!

வடிவுக்கு மூச்சுவிட நேரமில்லாமல் ஆனது. அவள் எவ்வளவுக்கு அசதியானாளோ அவ்வளவுக்குப் பேனர் நன்றாகத் தூங்கியது. கார்த்திகையில் செய்தவற்றில் ஆட்கள் வாயைப் பிளந்து உறங்கினார்கள், மார்கழியில் செய்தவற்றில் அவள் வைக்காத போர்வையை எங்கிருந்தோ இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். அவள் மட்டும் தூங்கவில்லை. ஊரையே சாய்க்கிற படத்தை அவள் பார்த்தால், மீசையோரத்தில் வெட்டியது பிசிறாக இருக்கிறதே, காதுக்குப் பின்னால் பழைய படத்தின் பச்சை தெரிகிறதே என்றுதான் கண் போகும். டீயில் உப்பைப் போட்டுக் குடித்தாள். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு தன் வீடு எந்தப் பக்கம் என்று யோசித்தாள்.

பக்கத்து ஜெராக்ஸ் கடை மும்தாஜ்தான் ஒருநாள் அவளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"யக்கா, சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது. நீங்க விக்கிறது பேனரு இல்ல, உங்க தூக்கம். உங்ககிட்ட இருந்து போற தூக்கத்துலதான் ஊரு தூங்குது."

"அதுனால என்ன இப்ப?"

"நீங்க இப்பிடியே போனா ஒருநா பொத்துன்னு விழுந்துருவீங்க. என்னைக்காச்சும் நல்லாத் தூங்கிட்டீங்கன்னு வைங்க, அங்கிட்டு அம்புட்டுப் பேரும் முழிச்சுக்குவாங்க."

"முழிச்சுட்டா?"

"ஆர்டரு நிக்கும்."

"ஆர்டரு நின்னா நான் எங்க போவேன்னு உனக்குத் தெரியும்ல மும்தாஜு?"

மும்தாஜுக்குத் தெரியும். அந்த நாற்காலியை அவளும் பார்த்திருக்கிறாள். டீ வாங்கிக் கொடுத்தாள். அதுவரை தூக்கம் வராமல் கிடந்த வடிவு, அன்றிலிருந்து தூங்கிவிடக்கூடாதே என்று பயந்து விழித்திருக்கத் தொடங்கினாள். பாவம், அது முன்னதைவிடக் கொடுமையாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஊருக்கு வெளியே இருக்கிற நூல் மில்லில் இருந்து ஆர்டர் வந்தது. ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்க முடியாமல் பிள்ளைகள் மிஷினில் தள்ளாடுகிறார்கள், ஹாஸ்டல் ஹால்கள் எல்லாவற்றுக்கும் பெரிய பேனராக வேண்டும், முதலில் ஒன்று கட்டிப் பார்ப்போம், சரியாக வந்தால் மற்றதெல்லாம் உங்களுக்குத்தான் என்றார் மேனேஜர். இது கிடைத்தால் ஒரு வருஷத்துக்கு அக்கா புருஷன் முகத்தில் விழிக்க வேண்டாம். வடிவு சுருளை ஆட்டோவில் போட்டுக்கொண்டு தானே போனாள்.

ஹாலில் வரிசையாகப் பாய் விரித்துப் பெண்கள் படுத்திருந்தார்கள், படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வடிவு ஸ்டூலில் ஏறிப் பேனரைக் கட்டியதும் வெள்ளைப்பாண்டி போர்வையை இழுத்துக்கொண்டு உறங்கினார், பெண்களுக்கும் ஒவ்வொருத்தியாகக் கண் சொக்கியது. வடிவு இறங்காமல் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். மூக்குக்கும் மீசைக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது.

"இத இப்பிடியே விட முடியாது, திரும்ப அடிக்கணும்" என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தபோது, அடியில் படுத்திருந்த தங்கமாரி என்கிற பெண் அரைத்தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்தாள். ராமநாதபுரம் பக்கத்துப் பெண், ஸ்பின்னிங்கில் வேலை.

"யக்கா, அது நல்லாத்தான் இருக்கு. அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் கழட்டிக் குடுங்களேன்."

எதற்கு என்று கேட்காமல் வடிவு கழற்றிக் கொடுத்தாள். தங்கமாரி அதை வாங்கித் தன் தலையணைக்கு அடியில் வைத்து, அதன்மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டாள்.

கண்ணாடி இல்லாமல் வடிவுக்கு நாலடிக்கு மேல் ஒன்றும் தெரியாது. படி இறங்க முடியாது, ரோட்டைக் கடக்க முடியாது. தங்கமாரி எழுந்ததும் வாங்கிக்கொண்டு போகலாம் என்று ஸ்டூலிலிருந்து தடவி இறங்கிப் பக்கத்துப் பாயில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள். வெள்ளைக் கோடு இல்லை. பிசிறு இல்லை. வெள்ளைப்பாண்டியே இல்லை, கறுப்பாக ஒரு திட்டும் அதைச் சுற்றி மாநிறமும் மட்டும் இருந்தன. கண்ணை மூடிப் பார்த்தாள், அங்கே வழக்கமாக வந்து நிற்கிற முகங்களும் திட்டுத் திட்டாகக் கலங்கி, எது பெரியது எது சின்னது, எவன் எவனுக்குப் பங்காளி என்று ஒன்றும் புரியாமல், நியாயம் கேட்கக்கூட வாய் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் விழித்தன. "போங்கய்யா" என்று சொல்லிவிட்டு வடிவு பாயில் சாய்ந்தாள். மில் சங்கு ஊதியது, பெண்கள் எழுந்து ஷிப்டுக்குப் போனார்கள், திரும்பி வந்தார்கள், மறுபடி சங்கு ஊதியது, அவள் எழவில்லை. தங்கமாரி அவளுக்கு ஒரு போர்வை போர்த்திவிட்டு வேலைக்குப் போனாள்.

அங்கே ஊரில் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள்.

தொட்டிலுக்கு மேலே இருந்த வெள்ளைப்பாண்டி கண்ணைத் திறந்து, கொட்டாவி விட்டு, பால் கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து வெட்கப்பட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதே நேரத்தில் டிரைவர் வீட்டிலும் ஏட்டய்யா வீட்டிலும் லாட்ஜின் எல்லா அறைகளிலும் அவர் விழித்துக்கொண்டு, அடுத்தவர் படுக்கையறையில் தனக்கென்ன வேலை என்று தெரியாமல் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார். பெண்கள் பேனர் மேலே சேலையைப் போட்டு மூடினார்கள். நிஜமான வெள்ளைப்பாண்டி அந்நேரம் கடைத்தெருவில் வடை தின்றுகொண்டிருந்தார், அவருக்கு ஒன்றுமே தெரியாது.

மண்டப வாசலில்தான் கூட்டம். சாய்ந்து கிடந்த பங்காளிகள் திடுக்கிட்டுத் தலையை நிமிர்த்தினார்கள், பெரியவர்கள் கண்ணைக் கசக்கினார்கள், கோட்டைச்சாமி அண்ணாச்சியின் படம் சோம்பல் முறித்தது. பிறகு ஐம்பத்திரண்டு பேரும் தலையைத் தூக்கி, தங்களுக்கு மேலே கொட்டை எழுத்தில் "செல்வி மிதுனா காதணி விழா" என்று இருந்ததைப் படித்தார்கள். படித்துவிட்டு இடமும் வலமும் திரும்பித் தேடினார்கள். மேல்வரிசை கீழ்வரிசையைக் கேட்டது, கீழ்வரிசை கையை விரித்தது.

"என்னத்தப்பா தேடுறாக?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

மும்தாஜ் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து கடைசியில் வாயைப் பொத்தினாள். "பிள்ளையக் காணோம்! காது குத்துன பிள்ளைய வைக்கவே இல்ல!"

அத்தனை மாதம் அந்தப் பேனருக்கடியில் நடந்தோம், உட்கார்ந்தோம், தூங்கினோம். அச்சுக்குப் போகும்முன் குடும்பமே போனில் பார்த்துச் சரி சொன்னது. அவரவர் அவரவர் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்களே தவிர, விசேஷம் யாருக்கு என்று ஒருவரும் பார்க்கவில்லை, ஒருவரும் போட்டோ அனுப்பவில்லை, செய்தவளும் கவனிக்கவில்லை. தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மேலே இருந்தவர்கள் மட்டும் தேடிக்கொண்டே இருந்தார்கள்.

வடிவு எழுந்து முகம் கழுவி, தங்கமாரி கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்து இதைக் கேட்டதும் கடை வாசல் படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "அம்பத்திரண்டு தலையத் தூக்கிச் சுமந்தேன் மும்தாஜு, ஒரு சின்னத் தலைய விட்டுட்டேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் பயம் வந்தது. மும்தாஜ் சொன்னதுபோலவே, ஹால் பேனரும் விழித்துவிட்டது என்று மேனேஜர் போனில் ஆர்டரை நிறுத்தினார். லாட்ஜ்காரர் எல்லாச் சுருளையும் கொண்டுவந்து வாசலில் எறிந்து கண்டபடி பேசினார். வடிவு எழுந்து நின்று, "அண்ணாச்சி, எனக்குத் தூக்கம் வந்துருச்சு. இனிமே உங்களுக்குக் குடுக்க எங்கிட்ட இல்ல" என்று மட்டும் சொன்னாள். தொட்டில்காரி வந்து, "பிள்ளைக்குப் பழகிருச்சுக்கா, அவரு முழிச்சுப் பாத்தாலும் அது பாட்டுக்குத் தூங்குது" என்றாள். வந்தவர்களில் அப்படிச் சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான்.

மறுநாள் கோட்டைச்சாமி வந்தார். ஊர் சிரித்த சிரிப்பில் அவர் கறுத்துப் போயிருந்தார்.

"தாயி, அத அவுத்துட்டு வேற கட்டணும். அதே அம்பத்திரண்டு பேரு, பிள்ளையும் சேத்து. நாளைக்குக் காலைல வேணும்."

"முடியாது அண்ணாச்சி."

அந்தக் கடையில் அதற்கு முன் அந்தச் சொல்லை யாரும் கேட்டதில்லை. பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ஜெராக்ஸ் மிஷின் நின்றது. கோட்டைச்சாமி தனக்குக் காது சரியில்லையோ என்று விரலை விட்டு ஆட்டிக்கொண்டார். இவரும் போய்விட்டால் அடுத்து அந்த நாற்காலிதான் என்று வடிவுக்குத் தெரியும். ஆனாலும் சொன்னாள்.

"ஒரு பேனருக்கு ஒரு முகம். வியாழக்கிழமைதான் தருவேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போன எடுக்க மாட்டேன்."

"ஒரு முகம்னா யாரத் தாயி வைக்கிறது? ஒருத்தன வச்சா மத்தவன் சண்டைக்கு வருவானே?"

"காது யாருக்குக் குத்துனீங்க?"

அவர் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பங்காளிகள் இருந்தார்கள், சம்பந்திகள் இருந்தார்கள், சிமெண்ட் கம்பெனிக்காரர்கள் இருந்தார்கள். "அவ போட்டோ எங்கிட்ட இல்லையே தாயி" என்றார். எழுந்து போனவர் சற்று நேரத்தில் பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். காதில் புதுத்தோடு போட்ட பிள்ளை கடை வாசலில் நின்று பல்லைக் காட்டியது, வடிவு படம் எடுத்தாள்.

ஒரே ஒரு முகம். யாருக்கும் யாருக்கும் நடுவே இடம் விட வேண்டியதில்லை, யாரைவிட யாரையும் பெரிதாக்க வேண்டியதில்லை. அந்த வேலையைச் செய்யும்போது வடிவு பாட்டு முணுமுணுத்தாள் என்று மும்தாஜ் எல்லோரிடமும் சொன்னாள். வியாழக்கிழமை கட்டியபோது பேனரில் இருந்த மிதுனா நன்றாகத் தூங்கி எழுந்த பிள்ளை முழிப்பதுபோல் முழித்து, போகிற வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்தாள். பஸ்ஸில் போனவர்கள் திரும்பி அவளுக்குக் கையாட்டிவிட்டுப் போனார்கள். சண்டைக்கு யாரும் வரவில்லை, ஐந்து வயதுப் பிள்ளையிடம் போய் எந்த மாமன் அளவு பேசுவான்?

அதைப் பார்த்துவிட்டுத்தான் ஞாயிற்றுக்கிழமை தங்கமாரி வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"யக்கா, எனக்குப் பொறந்தநாள் வருது. பேனரு வைக்கலாமா?"

"வைக்கலாமே. யார் யாரு படம்?"

"நான் மட்டும்தான்." சொல்லிவிட்டு உடனே, "அப்பிடி வைக்கக் கூடாதா?" என்றாள். "எங்க ஊர்ல எங்கண்ணனுக்கு வருஷா வருஷம் வைப்பாக. அதுல கீழ மூலையிலகூட என்னைய வச்சதில்ல."

வடிவு அவளை உள்ளே கூட்டி நாற்காலியில் உட்கார வைத்தாள். இத்தனை வருஷத்தில் யார் யாருக்கோ எப்படி எப்படியோ பேனர் செய்தாள், இப்படிப்பட்டவர்கள் ஊரில் எத்தனை பேர் என்று ஒருநாளும் நினைத்ததில்லை, அவர்களிடம் போய்க் கேட்டதுமில்லை. ஊரில் பாதிக்கு மேல் அவர்கள்தான். அதை நினைத்ததும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, படம் எடுக்கத் தங்கமாரியை வெளிச்சம் பார்த்துத் திருப்பி உட்கார வைத்தாள்.

மில் வாசலில் பேனரைக் கட்ட வடிவும் போனாள். ஷிப்ட் விட்டுப் பஞ்சு ஒட்டிய தலையோடு வெளியே வந்த தங்கமாரி அண்ணாந்து பார்த்தாள். தென்னைமரத்துப் பாதி உயரத்துக்குத் தங்கமாரி நின்று கண்ணை விரித்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் நெடுநேரம் பார்த்தார்கள். கீழே இருந்தவள் புறங்கையால் கண்ணைத் துடைத்ததும் வடிவுக்குக் கவலையாகிவிட்டது.

"ஏன், நல்லா இல்லையா?"

"இல்லக்கா" என்றாள் தங்கமாரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நான் இம்புட்டு அழகா இருப்பேன்னு எனக்குத் தெரியாதுக்கா."

பேனரில் இருந்தவள் அதைக் கேட்டுச் சிரித்தாள். அதற்குள் பின்னால் வந்த பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். எனக்கு மாசியில பொறந்தநாள் என்றாள் ஒருத்தி, எங்கம்மா வாழ்நாள்ல ஒரு போட்டோ எடுத்ததில்ல, அவுகள வைக்கணும் என்றாள் ஒருத்தி, பொறந்தநாளே தெரியாதவங்க என்ன செய்ய என்று கேட்டாள் ஒருத்தி. எப்பக்கா வரலாம், இப்பவே கடைக்கு வரட்டுமா என்று எல்லோரும் சேர்ந்து கேட்டார்கள்.

"எல்லாருக்கும் உண்டு, நாளைல இருந்து ஒவ்வொருத்தரா வாங்க" என்றாள் வடிவு. "இன்னைக்கு இல்ல. இன்னைக்கு நான் சினிமாவுக்குப் போறேன்."

எந்தப் படம் என்று பெண்கள் கேட்டார்கள். வடிவுக்குத் தெரியவில்லை. கடை திறந்த நாளிலிருந்து தியேட்டர் பக்கமே போகாதவளுக்கு, எது ஓடினாலும் புதுப்படம்தான்.